சித்தப்பாவின் மீட்டிங்கும் சித்தியின் முறுக்கும்

என் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு காலி டப்பா இருக்கிறது. பெருநாள் காலத்தில் பலகாரம் போட்டு வைக்கிறோமே, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டப்பா, சிவப்பு மூடி, அதுதான். இந்த நாட்டில் அது இல்லாத வீடு கிடையாது. மலாய்க்காரர் வீட்டில் அதில் அன்னாசி டார்ட் இருக்கும், சீனர் வீட்டில் கடலை பிஸ்கட் இருக்கும், நம் வீட்டில் முறுக்கு இருக்கும். டப்பா மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். என்னுடைய டப்பாவில் ஒன்றும் இல்லை. மூடியும் டப்பாவும் சேர்கிற இடத்தில் செலோடேப் சுற்றி ஒட்டியிருக்கிறது. அந்த டேப்பும் மஞ்சளாகி, ஓரத்தில் தூசி பிடித்துவிட்டது. போன வாரம் என் மகள் மிளகாய்த்தூள் கொட்டி வைக்க டப்பா தேடி, நாற்காலி போட்டு ஏறி அதை எடுத்துவிட்டாள். நான் போட்ட சத்தத்தில் பிள்ளை பயந்தே போனாள். "காலி டப்பாதானேம்மா, இதுக்குப் போயி ஏன் இப்படிக் கத்துறீங்க?" என்றாள். வாங்கித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் கொஞ்சம் நீளமானது, என் சித்தப்பாவிலிருந்து தொடங்க வேண்டும்.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. இருவரும் டெங்கில் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர்கள். பிறகு ரப்பரை வெட்டிவிட்டு, பாமாயில் தருகிற செம்பனை வைத்தார்கள். அதையும் வெட்டி வீடுகள் கட்டினார்கள். லயத்தில் இருந்தவர்களை ஆளுக்கொரு திசையில் போகச் சொன்னார்கள். அப்பா லோரி ஓட்டப் போனார். சித்தப்பா படித்தார். படித்து முடித்ததும் செம்பனை எண்ணெயில் பெரும்பணம் பார்க்கிற ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். உரம், விதை, ஆலை, கப்பல் என்று அந்தக் கம்பெனிக்கு இல்லாத தொழில் இல்லை. அதன் பெயர் இங்கே வேண்டாம். எந்தப் பெயரைப் போட்டாலும் இந்தக் கதையில் பெரிய மாற்றம் இருக்காது என்பது என் எண்ணம். கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் அவருக்குப் பொது விவகாரப் பிரிவில் வேலை. பொது விவகாரம் என்றால் என்ன என்று நான் ஒரு முறை கேட்டேன். "அரசாங்கம் சட்டம் போடறதுக்கு முன்னாடி நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்கற மாதிரி பார்த்துக்கறது" என்றார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் படித்த காலம் முழுக்க, பிரிக்பீல்ட்ஸில் சித்தப்பாவும் சித்தியும் குடியிருந்த பிளாட்டில்தான் இருந்தேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. என்னைப் 'பாப்பா' என்று கூப்பிட்டு, கேட்பதற்கு முன்னாலேயே எல்லாம் வாங்கிக் கொடுத்துக் கெடுத்து வைத்திருந்தார்கள்.

அமைச்சுகளெல்லாம் இருக்கிற புத்ராஜெயாவில் மீட்டிங் என்றால் சித்தப்பா கைநீளப் பத்திக் சட்டை போடுவார். அரசாங்க நிகழ்ச்சிக்கு அதுதான் மரியாதையான உடுப்பு. தோளில் மயில் கழுத்து நிறத்தில் இலைகள் ஓடும் ஒரு சட்டை அவருக்கு ராசியானது. சித்தி அதை இஸ்திரி போடும்போதே கேலியைத் தொடங்கிவிடுவார். "உங்க சித்தப்பா உலகம் சூடாவுதுன்னு மீட்டிங் போடறாரு. நம்ம வீட்டுக் குழாய் ஒழுகுது, அதுக்கும் ஒரு மீட்டிங் போடச் சொல்லு லா." பருவநிலை மாற்றம் பற்றிய பட்டறைகள் அப்போதுதான் பெருகத் தொடங்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் வந்தவர்களுக்கு அன்பளிப்பாக ஏதாவது கொடுத்தனுப்புவார்கள். துணிப்பை, குடை, மூங்கில் கரண்டி, மறுசுழற்சிக் காகிதத்தில் செய்த பென்சில். பூமியைக் காப்போம் என்று மூன்று மொழியில் அச்சடித்த பைகளில்தான் சித்தி பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கி வருவார். அந்த வீட்டில் இருந்த அத்தனை குடையும் உலகத்தைக் காப்பாற்றுகிற குடைகளாகவே இருந்தன.

"மீட்டிங்ல ஒண்ணும் நடக்காது பாப்பா. டீ பிரேக்லதான் எல்லாம் நடக்கும்." இது சித்தப்பா அடிக்கடி சொல்வது. கூட்டத்தில் எல்லாரும் எழுதி வைத்ததை வாசிப்பார்கள். பத்தரை மணிக்குக் கதவைத் திறந்து, வெளியே மேசையில் நாசி லெமாக்கும் கறிபாப்பும் தே தாரேக்கும் வைத்திருக்கும்போதுதான் மனிதர்கள் மனிதர்களாகப் பேசுவார்கள். எந்த அதிகாரிக்குச் சர்க்கரை வியாதி, யாருடைய மகன் எந்தக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான், யார் மீன் சாப்பிட மாட்டார், அத்தனையும் சித்தப்பாவுக்கு மனப்பாடம். போலி அக்கறையாக இருந்தால் சட்டென்று கண்டுபிடித்திருப்பார்கள். அவருக்கு உண்மையிலேயே மனிதர்களைப் பிடிக்கும், அதுதான் கம்பெனிக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

தீபாவளி வந்தால் சித்தியின் முறைதான். ஒரு வாரத்துக்கு அந்தச் சின்னச் சமையலறையில் எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்காது. ஓமமும் எள்ளும் போட்ட முறுக்கு, விரலால் தொட்டாலே உடைகிற பதம். சித்திக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. எண்ணெய்ப் புகையில் நிற்காதே என்று டாக்டர் சொன்னதைத் தீபாவளி வாரத்தில் மட்டும் அவர் மதிக்க மாட்டார். ஜன்னலைத் திறந்து வைத்து, இன்ஹேலரை ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு பிழிவார். ஆறியதும் டப்பாக்களில் அடுக்கி, சிவப்பு மூடியை அழுத்தித் திருகி, அதைச் சுற்றி செலோடேப் ஒட்டுவார். "காத்து உள்ள போனா நமுத்துடும்" என்பார். பிறகு சித்தப்பா அந்த டப்பாக்களைக் காரில் அடுக்கிக்கொண்டு புத்ராஜெயாவுக்குப் போவார். லஞ்சம் என்று யாரும் வாய் திறந்து சொல்ல முடியாது, வெறும் முறுக்குதானே. ஆனால் அமைச்சில் பல கதவுகள் அந்த முறுக்குக்குத்தான் திறந்தன என்று சித்தப்பாவே பெருமையாகச் சொல்வார். சித்திக்கு அதைக் கேட்க ரொம்பப் பிடிக்கும்.

அந்த டப்பாக்களில் ஒன்று தவறாமல் ஒரு அம்மையாருக்குப் போகும். அமைச்சில் மூத்த அதிகாரி, பருவநிலைத் திட்டத்தின் வரைவு நகல் எழுதும் குழுவில் முக்கியமானவர். சித்தப்பா அவரை மலாய் வழக்கப்படி மரியாதையாகப் புவான் என்றுதான் சொல்வார், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். பலகாரம் வந்த டப்பாவைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நம் வீடுகளிலும் உண்டு, மலாய்க்காரர் வீடுகளிலும் உண்டு. நோன்புப் பெருநாளுக்கு எங்கள் டப்பா அன்னாசி டார்ட்டை நிரப்பிக்கொண்டு திரும்பி வரும். தீபாவளிக்கு மறுபடியும் முறுக்கோடு போகும். சித்தியும் புவானும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஆனால் இந்த முறை டார்ட்டில் வெண்ணெய் கொஞ்சம் கூடுதல், அவருக்கு என்ன கவலையோ என்று சித்தி சொல்வார். அங்கே புவானும் முறுக்கைக் கடித்துப் பார்த்து இப்படி ஏதாவது சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது அந்தத் திட்டத்தின் நகலில் இருந்த ஒரு விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலோரத்துச் சதுப்புக் காடுகளின் அடியில் ஒரு கறுப்பு மண் இருக்கிறது. இலையும் வேரும் எண்ண முடியாத காலமாகத் தண்ணீருக்குள் கிடந்து மட்கிச் சேர்ந்தது. மலாயில் காம்புட் என்பார்கள். தண்ணீருக்குள் இருக்கிறவரை அது சாது. செம்பனை நடுவதற்காகக் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் காய்ந்து, அத்தனை காலம் அடக்கி வைத்திருந்த கரியையெல்லாம் காற்றில் விட ஆரம்பிக்கும். வெயில் காலத்தில் தீப்பிடித்தால் மேலே அணைத்தாலும் அடியில் வாரக்கணக்கில் புகைந்துகொண்டே கிடக்கும். புதிதாக யாரும் காம்புட் நிலத்தை வடிக்கக் கூடாது, ஏற்கெனவே வடித்தவர்கள் கால்வாயில் தண்ணீர் தேக்கி மண்ணை ஈரமாக வைக்க வேண்டும், தன் நிலத்தில் தீ எழுந்தால் நிலக்காரரே பொறுப்பு. பருவநிலைத் திட்டத்தின் நகலில் இப்படி ஒரு பகுதி இருந்தது, அதை எழுதியவர் புவான்தான். அது சட்டமானால் கம்பெனிக்குப் பெரிய இடி. அதை நகலிலிருந்து எடுக்க வைப்பது சித்தப்பாவின் வேலை.

எடுக்க வைத்தார். எப்படி என்று மறைக்கவெல்லாம் இல்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எனக்குப் பாடம் போல விளக்கினார். "எதிர்க்கவே மாட்டோம் பாப்பா. எதிர்த்தா பேப்பர்ல வந்துடும். ரொம்ப நல்ல திட்டம், ஆனா இன்னும் கொஞ்சம் ஆராயணும்னு சொல்லுவோம். ஆராய ஆளும் நாமளே குடுப்போம். கட்டாயம்னு வேணாம், விருப்பப்பட்டவங்க செய்யட்டும்னு கேப்போம். அவ்வளவுதான்." ஆய்வுக்குக் கம்பெனி பணம் கொடுத்தது. குழுவுக்கு உதவ நாற்காலி மேசையோடு ஆளையும் கொடுத்தது. ஆனால் இவற்றையெல்லாம் விட அதிகம் வேலை செய்தது சித்தப்பாவின் வாழ்க்கைதான். கூட்டத்தில் அவர் எழுந்து, நான் தோட்டத்தில் பிறந்தவன், என் தாய் ரப்பர் பால் வாளி சுமந்தவர், இந்த விதி வந்தால் ஏழைகளின் அடுப்பு அணைந்துவிடும் என்பார். கேட்டவர்கள் தலை குனிவார்கள். அவர் பொய் சொல்லவில்லை, முழுக்க நம்பினார். தங்கள் காட்டையெல்லாம் எப்போதோ வெட்டித் தின்றுவிட்ட வெள்ளைக்காரர்கள் இப்போது நமக்குப் புத்தி சொல்கிறார்களே என்ற கோபமும் அவருக்கு உண்மையானது, அதில் நியாயமும் இருந்தது. ஆனால் அந்தக் கம்பெனியின் தோட்டங்களில் நம்மவர்கள் அடுப்பு எரிந்த காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அந்த லயங்களை இடித்தது பருவநிலைச் சட்டம் அல்ல. இதைச் சொன்னால் சித்தப்பா சிரித்துக்கொண்டே, "நீ டீச்சராத்தான் போவே" என்பார்.

கம்பெனி அவரை வைத்து ஒரு வீடியோ எடுத்தது. அவர் பிறந்த லயம் இருந்த இடத்தில் அப்போது வீட்டு மனைகள் வந்துவிட்டதால், வேறு எங்கோ இடிக்காமல் விட்டிருந்த ஒரு பழைய லயத்தின் முன்னால் நிற்க வைத்தார்கள். ராசியான பத்திக் சட்டை, சாயம் பூசிய முடி, பின்னால் செம்பனை வரிசை. மலாயிலும் ஆங்கிலத்திலும் கடைசியில் இரண்டு வரி தமிழிலும் பேசினார். தன் அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்தது. அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும், பாட்டி நினைப்பு வந்தால் அவர் வீட்டிலும் அப்படித்தான். வெளிநாட்டில் நடந்த பருவநிலை மாநாடுகளிலெல்லாம் அந்த வீடியோ ஓடியது. அந்த வருடம் நகலிலிருந்து காம்புட் பகுதி போய்விட்டது. சித்தப்பாவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. சித்தி பாயசம் வைத்தார், நானும் இரண்டு முறை வாங்கிக் குடித்தேன்.

பணி ஓய்வுக்குக் கொஞ்சம் முன்னால் அவர்கள் பிரிக்பீல்ட்ஸை விட்டுக் கிள்ளானுக்கு வந்தார்கள். எல்லாம் சித்தியின் நெஞ்சுக்காகத்தான். பிளாட்டுக்குக் கீழே எந்நேரமும் கார் புகை, பஸ் புகை. கிள்ளானுக்குத் தெற்கே ஊருக்கு வெளியில் ஒரு மூலை வீடு, மூன்று பக்கமும் ஜன்னல், பின்னால் திறந்த வெளி. நானும் கல்யாணமாகிக் கிள்ளான் பள்ளியில்தான் வேலையில் இருந்தேன். வீடு பார்க்க வந்த அன்று சித்தப்பா எல்லா ஜன்னலையும் ஒவ்வொன்றாகத் திறந்து விட்டு, சித்தியை நடுக்கூடத்தில் நிறுத்தி, "எப்படி காத்து, பார்த்தியா?" என்றார். சித்தி முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர்கள் இருவரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வெயில் காலத்திலேயே புகை வந்தது. புகைமூட்டம் நமக்குப் புதிதில்லை. காற்றடித்தால் கடல் கடந்து எங்கிருந்தோ வரும், பள்ளியை மூடுவார்கள், மழை பெய்தால் போய்விடும். நானும் அப்படித்தான் நினைத்தேன். சித்தப்பா மட்டும் பின்வாசலில் நின்று முகர்ந்து பார்த்துவிட்டு, "இது வெளியிலேர்ந்து வரல. இங்கதான் பக்கத்துல. காம்புட் எரியுது" என்றார். அந்த வாசனை அவருக்குத் தெரியும், அதிகாரிகளை அழைத்துக்கொண்டு அவரே அந்த நிலங்களைச் சுற்றிக் காட்டியிருக்கிறார். யாருடைய நிலம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மழை தள்ளிப் போனது. ஆசை ஆசையாக வாங்கிய மூன்று பக்க ஜன்னல்களையும் இறுக்கிச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி வைத்து, அதன் மேல் செலோடேப் ஒட்டினார் சித்தப்பா. முறுக்கு டப்பாவுக்காகச் சித்தி வாங்கி வைத்திருந்த அதே டேப். நெபுலைசர் முகமூடியை மாட்டிக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்த சித்தி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முகமூடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஏங்க, நகல்ல ஒண்ணு எடுத்தீங்களே, அது இந்தப் புகைதானே?" சித்தப்பா டேப்பை ஒட்டுவதை நிறுத்தவில்லை. "நீங்க மட்டுமா எடுத்தீங்க? என் முறுக்கையும் தின்னுட்டுத்தானே எடுத்தாங்க" என்றார் சித்தி. திட்டுவது போலச் சொல்லவில்லை. அவர் எப்போதும் பேசும் கேலிக் குரல்தான் அது, ஆனால் வாக்கியத்தின் நடுவில் ஒரு முறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து சித்தப்பா வேறு ஆளாகிவிட்டார். ஒவ்வொரு வெயில் காலமும் சித்தியின் நெஞ்சிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனது. ஆஸ்பத்திரி டாக்டர், காற்று மாறாவிட்டால் நான் என்ன மருந்து கொடுத்தும் பயனில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். வீட்டை விற்கலாம் என்றால் புகையடிக்கிற வட்டாரத்தில் வாங்க ஆளில்லை. சித்தியை என் வீட்டில் வைத்திருந்தேன், அம்பாங்கில் தெரிந்தவர் வீட்டில் சில வாரம் வைத்துப் பார்த்தோம். புகை அங்கும் வந்தது. அந்த நேரத்தில்தான் அரசாங்கம் பருவநிலைத் திட்டத்தைப் புதுப்பிக்கிறது என்றும், காம்புட் பகுதியை மறுபடி நகலில் சேர்த்திருக்கிறார்கள் என்றும், பொதுமக்கள் கருத்துக் கேட்கச் சுபாங் ஜெயாவில் ஒரு ஹோட்டலில் கூட்டம் என்றும் சித்தப்பாவுக்குத் தெரிய வந்தது. எடுத்தவன் நானே, திரும்ப வைக்க வேண்டியவனும் நான்தான் என்றார். அவ்வளவு வெறியாக அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த வெயிலுக்குள் கால்வாய்களில் தண்ணீர் நிறுத்த வைத்துவிட வேண்டும், அதற்குள் சித்தியைக் காப்பாற்றிவிடலாம் என்று குழந்தை மாதிரி நம்பினார்.

கூட்டத்துக்கு நான்தான் காரோட்டினேன். ராசியான பத்திக் சட்டையைத்தான் போட்டிருந்தார், உடம்பு இளைத்துத் தோளில் தொங்கியது. மடியில் ஒரு சிவப்பு மூடி டப்பா. "டீ பிரேக்குக்கு" என்றார். அரங்கத்தில் முன்வரிசையில் கம்பெனிக்காரர்கள். சித்தப்பா ஓய்வு பெற்றதும் அவர் பதவிக்கு வந்திருந்த இளம் மேனேஜர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள்! எப்படி இருக்கீங்க? உங்களைப் பார்த்துத்தானே எல்லாம் கத்துக்கிட்டோம்" என்றார். நல்ல பிள்ளைதான். மேடையில் புவான் உட்கார்ந்திருந்தார், எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். முதலில் தொழில்துறையின் கருத்து என்றார்கள். விளக்கை அணைத்தார்கள். திரையில் சித்தப்பா வந்தார்.

அதே லயம், அதே சட்டை, அதே கறுத்த முடி. நான் தோட்டத்தில் பிறந்தவன் என்றார். என் தாய் பால் வாளி சுமந்தவர் என்றார். குரல் உடைகிற இடத்தில் எனக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். என் பக்கத்தில் இருந்த சித்தப்பா திரையைப் பார்க்கவில்லை, மடியிலிருந்த டப்பாவின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்குப் போட்டு, கைதட்டி முடித்து, பொதுமக்கள் பேசலாம் என்றதும் எழுந்து மைக்குக்குப் போனார். தலைமை தாங்கியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "எஞ்சிக், இப்போ வீடியோவுல பேசினது நீங்கதானே?" என்று, ஐயா என்கிற மரியாதையோடு, மலாயில் கேட்டார். அரங்கத்தில் லேசான சிரிப்பு. "நான்தான்" என்றார் சித்தப்பா. "அதுல சொன்னது எல்லாம் என் வாழ்க்கை. ஆனா அந்த விதியை எடுத்தது தப்பு. திரும்ப வைங்க. என் வீட்டுக்காரி மூச்சு விட முடியாம இருக்கா." எத்தனையோ கூட்டங்களில் எல்லாரையும் தலை குனிய வைத்த மனிதருக்கு, சொந்த மனைவிக்காகப் பேசும்போது அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கருத்துக்கு நன்றி, பதிவு செய்துகொள்கிறோம், எஞ்சிக்கின் துணைவியார் நலம்பெற வாழ்த்துகள் என்றார் தலைவர். அடுத்தவர் மைக்குக்கு வந்தார். எனக்கு எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது.

டீ பிரேக்கில் அவரைச் சுற்றி யாரும் வரவில்லை. முன்பெல்லாம் அவரைப் பேர் சொல்லி அழைத்துத் தோளில் கை போடுகிறவர்கள் கறிபாப் தட்டோடு வேறு பக்கம் திரும்பி நின்றார்கள். புவான் மட்டும் வந்தார். சித்தப்பா டப்பாவைத் திறந்து நீட்டினார். புவான் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார், மென்றார், நிறுத்தினார். மீதியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "இது உங்க மனைவி செஞ்சது இல்லையே" என்றார். பிரிக்பீல்ட்ஸ் கடையில் வாங்கி, எங்கள் டப்பாவில் போட்டு எடுத்து வந்தது. சித்தி அடுப்படிக்கே போக முடியாமல் இரண்டு தீபாவளி ஆகியிருந்தது. சித்தப்பா தலையை மட்டும் ஆட்டினார். புவான் கண்கள் நிறைந்துவிட்டன. "நான் முயற்சி பண்றேன். ஆனா நான் ஒருத்திதான் இருக்கேன்" என்றார். டப்பாவை மூடித் தன் கையில் வாங்கிக்கொண்டார். மைக்கில் சித்தப்பா சொல்ல முடியாததை அந்தக் கடை முறுக்கு சொல்லிவிட்டது என்று காரில் வரும்போது எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. வீணான நம்பிக்கைதான்.

திட்டம் வெளிவந்தது. காம்புட் பகுதி அதில் இருந்தது. ரொம்ப நல்ல வார்த்தைகளில் இருந்தது. நிலக்காரர்கள் தாங்களே விரும்பி முன்வந்து கால்வாயில் தண்ணீர் தேக்க ஊக்குவிக்கப்படுவார்கள், மேலும் ஆராயப்படும். சித்தப்பா அதை வாசித்துவிட்டு, "என் வார்த்தை அப்படியே இருக்கு பாப்பா" என்றார். அந்த வெயில் காலத்தில் ஒரு பட்டப்பகலில், விளக்குப் போட வேண்டிய அளவுக்கு வெளியே மங்கிக் கிடந்த நேரத்தில், கிள்ளான் ஆஸ்பத்திரியில் சித்தி போய்விட்டார். கடைசி வரை சித்தப்பா அவர் கையைப் பிடித்திருந்தார். சித்தி பேசும் நிலையில் இல்லை. மூச்சை இழுக்கிற வேலையே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்தன்று படத்துக்கு முன் படையல் போட்டுக்கொண்டிருந்தோம். சித்திக்குப் பிடித்த வடை, பால் பணியாரம், வாழைப்பழம், அவர் போடும் வெற்றிலை. வாசலில் ஒரு கார் வந்து நின்றது. புவான் இறங்கினார், கையில் எங்கள் டப்பா. சித்தியின் முகத்தை அவர் முதன்முதலாகப் பார்த்தது அந்தப் படத்தில்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, டப்பாவைச் சித்தப்பாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். "கோசோங். மாஃப்" என்றார். காலியாக இருக்கிறது, மன்னியுங்கள் என்று. துக்க வீட்டுக்கு இனிப்பு கொண்டு போகக் கூடாது என்று ஆபீசில் யாரோ சொன்னார்களாம். கழுவித் துடைத்து மூடி மட்டும் போட்டுக் கொண்டு வந்திருந்தார். அத்தனை வருடத்தில் அந்த டப்பா காலியாக வந்தது அன்றைக்குத்தான்.

அவர் போன பிறகு சித்தப்பா டப்பாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். பிறகு எழுந்து அலமாரியில் டேப்பைத் தேடி எடுத்து, சித்தி ஒட்டுவது போலவே மூடியைச் சுற்றி இழுத்து இழுத்து ஒட்டினார். ஒரு சுற்று ஒட்டி, அதன் மேல் இன்னொரு சுற்று. நகத்தால் தேய்த்து விட்டார். படையலுக்கு வந்து, வடைக்கும் பணியாரத்துக்கும் நடுவில் இடம் பண்ணி அந்த டப்பாவை வைத்தார். ஐயர் என்னைப் பார்த்தார். நான், "சித்தப்பா, அதுல ஒண்ணும் இல்லையே" என்றேன்.

"இருக்கு பாப்பா. புத்ராஜெயாவுல மூடினது. ஏர்கான் ரூம் காத்து, புகை படாதது." படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவ வேற என்ன ஆசைப்பட்டா? இதைத்தான் கேட்டா. என்னால வாங்கித் தர முடிஞ்சது இவ்வளவுதான்." அதன் பிறகு அவர் அழுதார்.

அவரும் அதிக நாள் இருக்கவில்லை. வீட்டைக் காலி செய்தபோது குடைகளையும் துணிப்பைகளையும் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தேன், பத்திக் சட்டையை அவரோடேயே அனுப்பிவிட்டோம், டப்பாவை மட்டும் நான் எடுத்து வந்தேன். சென்ற மாதம் எங்கள் பள்ளிக்குக் கம்பெனியின் சுற்றுச்சூழல் நிகழ்ச்சி வந்தது. பிள்ளைகளுக்கு மூங்கில் கரண்டியும் பென்சிலும் கொடுத்தார்கள். மண்டபத்தில் திரை போட்டு வீடியோ காட்டினார்கள். சித்தப்பா வந்து, நான் தோட்டத்தில் பிறந்தவன் என்றார். செத்த பிறகும் அந்த மனிதர் மீட்டிங்குக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். மைக்கைப் பிடித்துத் தப்பு என்று சொன்ன சித்தப்பாவை யாரும் படமெடுத்து வைக்கவில்லை. நான் பின்வரிசையில் நின்று, அவர் குரல் உடைகிற இடம் வரும் முன் வெளியே வந்துவிட்டேன்.

இந்த வாரம் மறுபடி புகை. பள்ளியை மூடிவிட்டார்கள். நேற்று மதியம் நானும் மகளும் ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி வைத்து டேப் ஒட்டினோம். சித்தியின் நெஞ்சு இவளுக்கும் வந்திருக்கிறது. இரத்தத்தில் எங்கே இருந்து எங்கே வந்ததோ தெரியவில்லை, எங்களுக்குச் சித்தி வெளியிலிருந்து வந்த உறவுதான். மாலைக்குள் அவளுக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது. இன்ஹேலர் அடித்தும் அடங்கவில்லை. காரை எடுக்கலாம் என்று சாவியைத் தேடிச் சமையலறைக்குள் போனேன். தலைக்கு மேலே சிவப்பு மூடி தெரிந்தது. கூடத்தில் பிள்ளை மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, டப்பாவை எடுத்து, டேப்பின் நுனியை நகத்தால் தேடினேன்.